பிள்ளை தலையில் வைத்த சத்தியம்

வீட்டில் அடிபட்டு வெளியேறும் பெண்களுக்குக் காப்பகங்கள் எப்படித் துணை நிற்கின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் என் அம்மா இதைச் சொல்ல மாட்டாள். "காலேஜுல என்னமோ எழுதிக்கிட்டு இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். என்னிடம் மட்டும், உத்தமபாளையத்தில் பஸ் ஏறக் கிளம்பும்போதெல்லாம், "படிக்கிறதுக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலயாடி ஒனக்கு?" என்பாள். கிடைத்திருக்கும். கூடப் படித்த ஒருத்தி திராட்சைத் தோட்டத்து மருந்தடிப்பைப் பற்றி எழுதி முடித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

தேனிக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீடுதான் அந்த இல்லம். தெருக்காரர்கள் அதை வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி என்று நினைத்திருந்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். கையில் கேள்விகள் இருந்தன. 'இல்லத்தின் சேவைகள் உங்கள் தன்னம்பிக்கையை எந்த அளவுக்கு உயர்த்தின?' ஒரு கண் வீங்கி மூடிக் கிடக்கிறவளிடம் இதை எப்படிக் கேட்பது? கேள்விகளைப் பையிலேயே வைத்துவிட்டு, அவர்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தேன்.

வெங்காயம் அங்கே ஒரு வழிமுறை. புதிதாக வருகிறவளிடம் முதலில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்பது வார்டனின் கட்டளை. சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், காயத்துக்கு மருந்து போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆள் கொஞ்சம் தெளிந்ததும் முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி முன்னால் வைத்துவிடுவார். "வெங்காயம் உரிக்கையில அழுதா ஏன் அழுவுறேன்னு ஒருத்தியும் கேக்க மாட்டா" என்பார். ஆண்டிபட்டிப் பக்கத்து அம்மா அவர், ஐம்பது தாண்டியவர். கோபம் வந்தால் குரல் தெருமுனை வரை கேட்கும். எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் இருவருக்கும் ஒத்துப்போனது.

மற்ற ஏற்பாடுகளும் இருந்தன. ஒரு தையல் டீச்சர் வந்தார். அடி வாங்கியவள் எல்லாரும் ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும் என்று எந்த மகராசன் தீர்மானித்தானோ தெரியாது. எந்த இல்லத்துக்குப் போனாலும் மூலையில் ஒரு தையல் மிஷின் நிற்கிறது. ஒரு வக்கீலம்மாவும் மாதத்துக்கு ஒருமுறை வந்து சட்டம் சொல்லிக்கொடுப்பார். அது உருப்படியான வகுப்பு. "பயப்படாம வாயத் தொறந்து சொல்லுங்க. சாட்சி இல்லாம எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லாது" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் அதை நல்ல வாக்கியம் என்று குறித்துக்கொண்டேன்.

அவள் வந்தது ஒரு காலை நேரம். கோம்பைக்குப் பக்கத்து ஊர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கையில் தூக்குவாளி, இடுப்பில் மகள். மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் எல்லாரும் அப்படித்தான் உடுத்துவார்கள். விடியற்காலையில் தோட்டத்து ஜீப்புக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஜீப்பை விட்டுத் தேனி பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். இல்லத்துக்கு வந்த பிறகும் அந்தச் சட்டையைக் கழற்ற மறுத்தாள். குளிக்க வைக்க வார்டன் அதைக் கழற்றியபோதுதான் கைகளில் கன்றியிருந்த நிறம் தெரிந்தது. சட்டை அவள் புருஷனுடையது.

என்னைவிடச் சின்னவள். என்னை அக்கா என்று கூப்பிட்டாள். மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயசு வரவில்லை, ஆனால் வாய் மட்டும் பத்து ஊருக்குப் போதும். "நீங்க என்ன எழுதுறீக? என்னயும் எழுதுறீகளா?" என்று என் மடியில் ஏறிக் கேட்கும். வார்டன் நடக்கிற மாதிரி இடுப்பில் கைவைத்து நடந்து காட்டும். அதைப் பார்த்துத்தான் அவள் முதன்முதலாகச் சிரித்தாள். வக்கீலம்மா வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவளும் அவள்தான். "பாத்தவுக சொல்லலேன்னா?" என்று கேட்டாள். "சொல்லலேன்னா கேஸு நிக்காதும்மா" என்றார் வக்கீலம்மா. அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

நாளாக நாளாக அவள் முகம் மாறியது. தேனியில் மில் வேலை, பக்கத்தில் ஒரு அறை, ஜூன் மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று வார்டனோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். இந்த ஒருத்தி தப்பித்துவிட்டாள் என்று நான் மனசுக்குள் முடிவு கட்டினேன். ஆராய்ச்சி செய்கிறவள் அப்படிக் கட்சி கட்டக் கூடாது என்று என் பேராசிரியர் சொல்வார். கட்டிவிட்டேன், என்ன செய்ய?

பிறகு அவள் அண்ணன் மூலமாகப் பேச்சு வந்தது. புருஷன் திருந்திவிட்டான், குடியை விட்டுவிட்டான், சோறு தண்ணி இறங்காமல் கிடக்கிறான். இதே பேச்சு முன்பும் வந்து, மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, கூட்டிக்கொண்டு போய், திரும்ப அடித்தவன்தான் அவன். அதனால் இந்த முறை அவள் அண்ணனே ஒரு வழி சொன்னார். "பேப்பரு வேணாம். மாப்ள சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். அப்பறம் என் தங்கச்சியக் கூட்டிட்டுப் போகட்டும்."

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒன்றும் கிடையாது. சாமி முன்னால் எரிகிற சூடத்தை வெறுங்கையால் அடித்து அணைத்து ஒருவன் சொல்லிவிட்டால், அது முடிந்த பேச்சு. அதை மீறினவன் குடும்பம் விளங்காது என்பது நம்பிக்கை. கடன்காரனும் தப்பு செய்தவனும் ஸ்டேஷனில் கூசாமல் பொய் சொல்லிவிட்டு, சூடத்துக்கு முன்னால் வாய் குழறுவதை நானே சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் எனக்குப் பொறுக்கவில்லை. "சட்டப்படி ஆர்டர் வாங்குறத விட்டுட்டு இதென்னம்மா கூத்து?" என்று வார்டனிடம் சண்டைக்குப் போனேன். அவர் என்னை முறைத்தார். "எழுதிக் குடுத்தத மீறுனவன எத்தன பேரப் பாத்துட்டேன். சூடத்த மீறுனவன நான் இன்னும் பாக்கல. ரெண்டு பொம்பளப் புள்ளைகள இப்பிடி அனுப்பி, நல்லா இருக்குதுக. நீங்க எழுத வந்தவுக, எழுதுங்க" என்றார். அவளைக் கேட்டோம். அண்ணன் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் யோசித்தாள். "சூடம் அணைச்சா மீற மாட்டாகக்கா" என்றாள். அவளும் நம்பினாள் என்பதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

நல்ல வெயில் நேரம். தெருக்கோடியில் இருந்த அம்மன் கோயில் வாசலில் கூடினோம். அவன் பக்கத்து ஆட்கள் ஒரு வேனில் வந்திருந்தார்கள். ஆள் பார்க்க வாட்டசாட்டமாக இல்லை. ஒடிசலாக, தலையைக் குனிந்துகொண்டு, பெரிய மனுஷர்களுக்கு வழிவிட்டு நின்றான். இவனா என்று தோன்றும். தட்டில் சூடம் ஏற்றினார்கள். அவன் உள்ளங்கையால் ஓங்கி அடித்து அணைத்தான். "இனி இவ மேல கை நீட்ட மாட்டேன்" என்றான். அதோடு விட்டிருந்தால் போதும். யாரும் கேட்காமலேயே, அம்மா பக்கத்தில் நின்ற மகளை இழுத்து, கரி படிந்த அந்தக் கையை அவள் தலையில் வைத்தான். "கை நீட்டுனா எம்புள்ள எனக்கு இல்ல" என்றான்.

கூட்டம் உருகிவிட்டது. அவன் அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவள் அண்ணன் மாப்பிள்ளையின் தோளில் கைபோட்டார். வார்டன்கூட மூச்சை இழுத்து விட்டார். அவள் மட்டும் ஓடிவந்து மகளைப் பறித்தாள். "அது தலையில ஏன் வச்சீக? அது தலையில எதுக்கு?" என்றாள். சந்தோஷத்தில் பதறுகிறாள் என்று சிலர் சொன்னார்கள். வேன் கிளம்பும்போது, சேலைத் தலைப்பில் எச்சிலைத் தொட்டு மகளின் உச்சியில் ஒட்டியிருந்த கரியைத் துடைத்துக்கொண்டே போனாள். மகள் ஜன்னல் வழியாக எனக்கு டாட்டா காட்டியது.

இல்லத்தைவிட்டுப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. முதல் தடவை போனபோது நன்றாகத்தான் இருந்தாள். அவனே எனக்குக் கலர் சோடா வாங்கிவந்து கொடுத்தான். "உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் தோற்றுவிட்டேன், வார்டன் ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்படித் தோற்றதில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த தடவை போனது ஆடி மாதம். பள்ளத்தாக்கில் ஆளையே தள்ளுகிற காற்று. அவன் வெளியே போயிருந்தான். அவள் வாசலில் உட்கார்ந்து மகளுக்குக் கஷாயம் ஊட்டிக்கொண்டிருந்தாள். மகளின் கழுத்தில் தாயத்து, கையில் தாயத்து, இடுப்பில் கறுப்புக் கயிறு, நெற்றி நிறைய விபூதி. என்ன உடம்புக்கு என்று கேட்டேன். லேசான சளி. அந்தச் சளிக்கு அவள் சின்னமனூருக்கும் கம்பத்துக்கும் டாக்டரைத் தேடி அலைந்திருக்கிறாள். "ரத்தத்துல என்னென்ன டெஸ்ட்டு எடுப்பாகக்கா? எல்லாத்தயும் எடுத்துப் பாத்துரலாமா?" என்றாள். பேசும்போது அவள் உதட்டின் ஓரம் கிழிந்து காய்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"அடிச்சானா?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"என்னயப் பாத்துச் சொல்லு. அடிச்சானா?"

அவள் எழுந்து மகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாட அனுப்பினாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, ஒங்களக் கும்புட்டுக் கேக்குறேன். அந்த ஒரு கேள்விய மட்டும் கேக்காதீக. மத்த எது வேணாலும் கேளுங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. விளங்கியதும் உடம்பெல்லாம் எரிந்தது. "சத்தியத்த மீறுனது அவன். பாவம் அவனுக்குத்தானே? ஒனக்கென்ன, பிள்ளைக்கென்ன?" என்றேன்.

"அவுக சத்தியம் பண்ணது அவுக தலையில இல்லையேக்கா."

"சரி, நீ சொல்லாம மறைச்சா மட்டும்? அடிச்சதச் சாமி பாக்கலயா? சாமி கண்ண மூடிக்கிட்டா இருந்துச்சு?"

"பாத்திருக்கும்" என்றாள். இதைப் பல நாள் யோசித்து வைத்திருந்தவள் போலப் பதற்றமில்லாமல் பேசினாள். "ஆனா நான் இன்னும் சொல்லல. வக்கீலம்மா சொன்னாகல்ல, சாட்சி இல்லாம தீர்ப்பு இல்லேன்னு. நான் வாயத் தொறக்காத வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

அவள் வாயைத் திறக்க வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொடுத்ததை எடுத்து, வாயை மூடிப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் அடித்துவிட்டுப் பயந்து நாலு நாள் கண்ணில் படாமல் இருப்பானாம். இப்போது அந்தப் பயமும் இல்லை. யாரிடமும் சொல்ல மாட்டாள், அண்ணன் வீட்டுக்கு ஓட மாட்டாள், இல்லத்துக்கும் வர மாட்டாள். எந்தத் தாழ்ப்பாளும் இந்த அளவுக்கு அவளை அடைத்து வைத்திருக்க முடியாது. "சும்மா வந்து தங்கு. காரணமே சொல்ல வேணாம். நான் பேசுறேன்" என்று கெஞ்சினேன். "நான் அங்கன வந்தாலே சொன்ன மாதிரித்தானக்கா?" என்றாள்.

வார்டனிடம் போய் இதைச் சொன்னபோது கத்திவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வெங்காய முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பேப்பர்ல எழுதியிருந்தா கிழிச்சுப் போட்டு வந்திருப்பாளே ஆத்தா" என்றார். அதற்கு மேல் கத்த எனக்கு மனசு வரவில்லை.

இருவரும் சும்மா இருக்கவில்லை. அவள் அண்ணனிடம் போனோம். "சாமி இருக்கு, சத்தியம் பண்ணிருக்காரு. எந்தங்கச்சியே அடிக்கலேங்குறா, ஒங்களுக்கு என்ன?" என்று வாசலோடு அனுப்பிவிட்டார். ஸ்டேஷனில், பாதிக்கப்பட்டவள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே போகிறோம் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைதான் எங்களிடம் இல்லை. கடைசியில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், சாமி கும்பிடுவதை விட்டுப் பல வருஷமான நான், அந்த அம்மன் கோயில் பூசாரி முன்னால் போய் நின்றேன். பண்ணின சத்தியத்தை எடுக்க வழி உண்டா என்று கேட்டேன்.

"உண்டும்மா. பண்ணவுக வந்து, நான் மீறிட்டேன்னு ஆத்தா முன்னால ஒத்துக்கிட்டு, தண்டம் கட்டிட்டு எடுத்துக்கிறணும்."

"அவன் வர மாட்டான். அவ வந்தா எடுக்கலாமா? இல்ல, அவளுக்காக நான்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வச்சவுகதான் எடுக்கணும்" என்றார். கற்பூரத் தட்டு சும்மா கிடந்தது. ஆராய்ச்சி செய்கிறவள் பூசாரியிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறாளே என்று என் மேலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. வீடு வந்து சேருவதற்குள் பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு மத்தியான வேளையில் வார்டனிடமிருந்து போன் வந்தது. தேனி பெரியாஸ்பத்திரியில் இருக்கிறாள், வாங்க என்றார். நான் போனபோது வார்டன் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே இருக்கக் கூடாத பக்கம் வளைந்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் முடியோடு ரத்தம் உறைந்திருந்தது. மகள் கட்டில் ஓரத்தில், தாயத்துகளோடு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கொண்டுவந்து சேர்த்த பக்கத்து வீட்டுக்காரி கதவோரம் நின்றுகொண்டு யார் முகத்தையும் பார்க்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டார். "எப்பிடிம்மா ஆச்சு?"

"திராட்சத் தோட்டத்துல பந்தலுக்கு மேல ஏறுனேன். வழுக்கி விழுந்துட்டேன்."

"யாராவது அடிச்சாங்களா? பயப்படாமச் சொல்லுங்க. இங்க யாரும் ஒங்கள ஒண்ணும் செய்ய முடியாது."

"விழுந்துட்டேன் டாக்டர்."

வார்டன் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில், "ஆத்தா, அந்தச் சத்தியம் நான் பண்ண வச்சது. அது பலிக்கட்டும்னா என் தலையில பலிக்கட்டும். சொல்லிரு" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னாலும் அவள் இல்லை என்றுதான் சொல்லப்போகிறாள்.

"அம்மா விழுகல" என்றது மகள்.

எல்லோரும் திரும்பினோம். "அப்பாதான் அடிச்சாக. மண்வெட்டிக் காம்ப வச்சு" என்று தெளிவாகச் சொன்னது. என்னைப் பார்த்து, "நான் பாத்தேன். எழுதிக்கிறீகளா?" என்றும் கேட்டது.

அவள் அலறினாள். எலும்பு உடைந்த வலிக்கு அலறாதவள் அப்போது அலறினாள். நல்ல கையால் மகளை இழுத்து அதன் வாயைப் பொத்தினாள். "இல்ல டாக்டர், சின்னப்புள்ள, வெளயாட்டுக்குச் சொல்லுது, அதுக்கு ஒண்ணுந் தெரியாது, அது சொன்னது கணக்குல சேராது" என்று மேலே யாரிடமோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். டாக்டர் எழுத ஆரம்பித்துவிட்டார். வார்டன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். நாங்கள் இத்தனை நாள் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. இனி அவளை அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை, வழக்கு நிற்கும், அவன் மாட்டுவான். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

அவள் மகளின் வாயிலிருந்து கையை எடுத்து நெற்றியில் வைத்தாள். பிறகு கழுத்தில், பிறகு மறுபடி நெற்றியில். "சுடுதாக்கா? தொட்டுப் பாருங்க. சுடுதா?" என்றாள்.

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்வதற்கு முன்னால் என் கையும் அந்தப் பிள்ளையின் நெற்றிக்குப் போயிருந்தது. சூடு இல்லை. நான் கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன்.